கையளவுக் கணினியும் பேட்டரிக் கணக்கும்

கையில் பிடித்து விளையாடும் கருவிகளுக்கு, வேகமும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத தொல்லை பிறப்பிலேயே வந்தது. 1980இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குன்பெய் யோக்கோய், கால்குலேட்டர் தொழிலால் விலை மலிந்துபோயிருந்த எல்சிடி திரையை விளையாட்டுக்குத் திருப்பினார். புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடுவதில்லை, பழகித் தேர்ந்த மலிவான பொருளைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொள்வது என்பது அவர் கொள்கை. 1989இல் வந்த கேம் பாயும் அப்படிப்பட்டதுதான். அதன் திரையில் வண்ணமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆனால் நான்கு ஏஏ பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அதோடு மோதிய அட்டாரி லிங்ஸ், சேகா கேம் கியர் இரண்டிலும் வெளிச்சமான வண்ணத் திரை இருந்தது. ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் காலி செய்தன. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. வாங்குகிறவர்கள் எதைப் பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதுமான சான்று.

இவை எல்லாம் தனி உலகங்கள். நின்டெண்டோவின் கேட்ரிட்ஜ் நின்டெண்டோ கருவியில் மட்டுமே ஓடும். மேசைக் கணினியில் ஓடும் கேம்களைக் கைக்குள் கொண்டுவருவது வேறு வகைச் சிக்கல். அவை விண்டோஸையும், இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசஸர்களையும் நம்பி எழுதப்பட்டவை. அந்தச் சிப்புகள் மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். 2006இல் மைக்ரோசாஃப்ட் ஆதரவோடு சிறு விண்டோஸ் கணினிகள் சில வந்தன. அவை விலை அதிகம், பேட்டரி குறைவு. விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. 2010இல் ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய பண்டோரா, லினக்ஸில் ஓடிய அருமையான முயற்சி. ஆனால் அதிலிருந்தது கைபேசி வகைச் சிப். பழைய கேம் கருவிகளைப் போலச் செய்துகாட்ட அது உதவியது. விண்டோஸ் கேம்கள் அதற்கு எட்டவில்லை.

வழி திறந்தது சீனாவிலிருந்து. டேப்லெட்டுகளுக்காக இன்டெல் செய்த ‘ஆட்டம்’ (Atom) சிப், சில வாட் மின்சாரத்திலேயே முழு விண்டோஸை ஓட்டியது. ஷென்சென் நகரின் ஜிபிடி நிறுவனம் அதை 5.5 அங்குலத் திரை, சிறு விசைப்பலகை, கட்டைவிரல் குச்சிகளோடு சேர்த்து, 2016இல் ‘ஜிபிடி வின்’ என்று வெளியிட்டது. இணையத்தில் ஆர்வலர்களிடம் முன்பணம் திரட்டிச் செய்த கருவி அது. பழைய கேம்கள் நன்றாக ஓடின, புதியவை திணறின. 2018இல் வின் 2 வந்தது. பிறகு ஏஎம்டியின் ரைசன் சிப்புகளில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் வலுப்பெற்றதும் அயா நியோ போன்றவை வந்தன. நல்ல லேப்டாப்பின் விலை, முன்கூட்டியே பணம், மாதக்கணக்கில் காத்திருப்பு, பழுதானால் கடல் கடந்து அனுப்பும் பாடு: இத்தனையும் பொறுத்தவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலர் இல்லாமல் இந்தத் தொழிலே தொடங்கியிருக்காது.

அதைப் பெருஞ்சந்தைக்குக் கொண்டுவந்தது வால்வ். அமெரிக்காவின் இந்த நிறுவனம் ஸ்டீம் என்ற கணினி கேம் கடையை நடத்துகிறது. 2015இல் அதன் ஆதரவில் லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம் மெஷின்’ கணினிகள் வந்து தோற்றன. முக்கியக் காரணம், அவற்றில் ஓடப் போதுமான கேம்கள் இல்லை. வால்வ் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு, 2018இல் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸுக்காக எழுதிய கேம் கேட்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் லினக்ஸுக்குப் புரியும்படி அந்தந்தக் கணமே மாற்றித் தருவது அதன் வேலை. திரையில் படம் வரையும் கட்டளைகளும் அப்படியே மாற்றப்படும். கேமை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. இந்தத் துறையின் பல சிப்புகளைவிட அந்த மென்பொருள்தான் பெரிய சாதனை.

அந்த மென்பொருளை நம்பி லினக்ஸில் ஓடும் வால்வின் கைக்கருவியான ஸ்டீம் டெக், 2022 பிப்ரவரியில் வாங்கியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தொடக்க விலை 399 டாலர். ஏஎம்டி அதற்கென்றே செய்த சிப் 4 முதல் 15 வாட்டுக்குள் அடங்கும். திரையும் வேண்டுமென்றே சிறியது, 1280 × 800 புள்ளிகள். 1920 × 1080 திரையோடு ஒப்பிட்டால் சிப் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிதான். ஏழு அங்குலத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்குப் பெரிதாகப் படுவதுமில்லை. யோக்கோயின் கணக்கு இங்கே மறுபடியும் பலித்தது. பொத்தானை அழுத்தினால் கேம் பாதியில் உறங்கி, மறுபடி அழுத்தினால் விட்ட இடத்தில் எழுந்துவிடும். மின்னேற்றினால் 2 முதல் 8 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொன்னது. பெரிய கேம்களில் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நம்ப முடியும்.

பெரிய கணினி நிறுவனங்கள் 2023இல் இறங்கின. அசுஸின் ஆர்ஓஜி அல்லை, 1080 திரையும் எட்டுக் கோர் ஏஎம்டி சிப்பும் விண்டோஸ் 11உம் கொண்டிருந்தது. லெனோவோவின் லீஜியன் கோ, 8.8 அங்குலத் திரையோடும் கழற்றி மாட்டும் கைப்பிடிகளோடும் 850 கிராமைத் தாண்டியது. வேகத்தில் இரண்டும் ஸ்டீம் டெக்கை விஞ்சின. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்ஸில் ஓட மறுக்கும் ஃபோர்ட்நைட், வேலரண்ட் போன்ற ஆன்லைன் கேம்களுக்கும் விண்டோஸ்தான் வழி. ஆனால் அல்லையின் பேட்டரி ஸ்டீம் டெக்கினுடையதைப் போலவே 40 வாட்-மணி. முழு வேகத்தில் 25 வாட்டுக்கு மேல் குடிக்கும் சிப்புக்கு அது ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. விண்டோஸோ மவுஸுக்காகப் பிறந்தது; விரல்நுனியில் அதன் சிறு பட்டன்களைத் தொடுவது சிரமம், உறங்கி எழுவதிலும் நம்பிக்கை இல்லை. இந்திய வாடிக்கையாளருக்கு வேறொரு கணக்கும் சேர்ந்தது. வால்வ் ஸ்டீம் டெக்கை இங்கே நேரடியாக விற்கவில்லை. அல்லை 2023இலேயே இந்தியக் கடைகளுக்கு வந்ததால், இங்கே பலருக்கு உத்தரவாதமும் சர்வீஸும் வேகத்துக்கு முன்பாகவே தேர்வைத் தீர்மானித்தன.

அடுத்து வந்த பதிப்புகள், நிறுவனங்கள் பாடம் படித்ததைக் காட்டின. 2023 நவம்பரின் ஸ்டீம் டெக் ஓஎல்இடி வேகத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. நல்ல திரையும் 50 வாட்-மணி பேட்டரியும் கொடுத்து, எடையைக் குறைத்தது. 2024இல் அல்லை எக்ஸ், பழைய சிப்பையே வைத்துக்கொண்டு பேட்டரியை இரட்டிப்பாக்கி 80 வாட்-மணிக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு எம்எஸ்ஐ, ஏஎம்டிக்குப் போட்டியாக இன்டெல் சிப்போடு ‘கிளா’ என்ற கருவியைக் கொண்டுவந்தது.

2025இல் போட்டி சிப்பிலிருந்து இயங்குதளத்துக்கு நகர்ந்தது. லெனோவோவின் லீஜியன் கோ எஸ், ஸ்டீம் டெக்கில் ஓடும் வால்வின் லினக்ஸ் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸோடு வந்த முதல் வெளி நிறுவனக் கருவி. அதே கருவி விண்டோஸோடும் விற்கப்பட்டதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. சோதனைகளில் பல கேம்கள் ஸ்டீம்ஓஎஸ்ஸில் வேகமாக ஓடின. மைக்ரோசாஃப்டின் பதில் அக்டோபரில் வந்தது. அசுஸோடு சேர்ந்து வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அல்லையில், வழக்கமான டெஸ்க்டாப்பையும் பின்னணி வேலைகள் சிலவற்றையும் ஏற்றாமல், விண்டோஸ் நேராக கேம் பட்டியலில் திறக்கும்படி செய்யப்பட்டது.