பத்தனைப் புல்வெளிகளில் மேய்ச்சலும் மண்ணரிப்பும்

இலங்கை மலைநாட்டுப் புல்வெளிகளுக்குப் பத்தனை என்று பெயர். ஹோர்டன் சமவெளி போன்ற குளிர்ந்த உயரங்களில் இருப்பது ஈரப்பத்தனை. ஊவாவில் வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கச் சரிவுகளில் இருப்பது உலர்பத்தனை. தாவரவியலாளர் பியர்சன் 1899இல் பத்தனைகளின் தாவரங்களை விரிவாகப் பதிவுசெய்தார்.

உலர்பத்தனையில் மானாப்புல் மிகுதி. முற்றிய மானாவை மாடு விரும்பாது. அதனால் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறட்சியில், இளந்தளிர் வேண்டிப் புல்லுக்குத் தீ வைப்பார்கள். தளிர்த்ததும் மாடு கடிக்கும். மீண்டும் மீண்டும் கடிபட்ட தூர் மெலிந்து, தூர்களுக்கிடையே வெறுமண் அகலும். மாடுகள் செங்குத்தாக ஏறாமல் சரிவுக்குக் குறுக்கே நடப்பதால், மலை முழுக்கப் படிப்படியாக மாட்டுத்தடங்கள் விழுகின்றன. தடத்தின் மேற்பரப்பு மிதிபட்டு இறுகி, நீரை உள்ளே விடுவதில்லை. அதன் விளிம்போ உதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒக்டோபரில் இறங்கும் பெருமழை இந்த வெறுமண்ணில்தான் விழுகிறது. மாட்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. தீயும் குளம்பும் மழையும் இந்த வரிசையில் வருவதே கேடு.

மலைநாட்டின் தேயிலைத் தோட்டப் பகுதியான நோர்வூட்டில் நிலைமை வேறு. இங்கு தென்மேல் பருவமழை கொட்டும், சரிவெல்லாம் தேயிலை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தையொட்டிய பட்டியில் மாட்டைக் கட்டி, புல்லை அறுத்துக் கட்டாகச் சுமந்து வந்து போடுகிறார்கள். குளம்பு மலையேறாததால் சரிவு தப்புகிறது. சாணம் மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறது. ஓடைக்கரையில் ஒட்ட அறுத்தால் மட்டும் கரை சரியும்.

இங்கே மேல்மண்ணைத் தின்றது மேய்ச்சல் அல்ல. காட்டை வெட்டிக் கோப்பி நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் வந்த தேயிலையில் ஒரு பூண்டுகூட விடாமல் சுரண்டிக் களையெடுத்ததும்தான். மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல்தான் வந்தது. மழையோடு கரையும் மண் கெஹெல்கமு ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1965 முதல் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீர் தருவது அந்தத் தேக்கமே.

தேய்ந்த மலையைத் தேற்றவும் புல்லே வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கியபின் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மானா அல்லது குவாத்தமாலாப் புல் வளர்த்து, அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்ப வேண்டும் என்பது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. குவாத்தமாலா நல்ல மாட்டுத்தீவனமும்கூட. ஆனால் வெட்டியதெல்லாம் பட்டிக்குப் போனால் மண்ணுக்கு மூடாக்கு மிஞ்சாது. ஆகவே தீவனப் புல்லுக்குத் தோட்ட நிருவாகங்கள் தனி நிலம் ஒதுக்குவதே முறை.