வேலூரும் ஆய்க்குடியும்

கர்நாடகத்தின் மேல்கோட்டை யோகநரசிம்மர் மலைப்படிகளில் முழங்காலைப் பிடித்தபடி ஏறுபவர்களைப் பார்த்தால் இயன்முறை மருத்துவர்களின் விதி நினைவுக்கு வரும்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. இதைப் பழக்க சிகிச்சை அறையில் நாலு மரப்படி போதும். ஆனால் நோயாளியின் வீட்டு வாசற்படி வேறு உயரம். அதற்கு யார் பொறுப்பு? தமிழ்நாட்டில் இரண்டு ஊர்கள் இதற்கு இரு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயின்று திரும்பியவர், 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையத்தை எழுப்பினார். முதுகுத்தண்டு அடிபட்டவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், படுக்கைப்புண் வராமல் உடம்பைத் தூக்கித் தூக்கி அமர்வதும் ஒரு நாளில் வரும் வித்தை அல்ல. உடன் தங்கும் உறவினரும் சேர்ந்தே கற்கிறார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பிறப்பும் ஒரு விபத்தில்தான். எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் பெங்களூரில் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் சங்கத்தைத் தொடங்கினார். இங்கே சிகிச்சை வீடு தேடிப் போகிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர், மூளைவாதக் குழந்தையைச் சுவரோரம் நிறுத்துவது எப்படி, மடியில் உட்காரவைப்பது எப்படி என்று தாய்க்குக் காட்டுகிறார். திட்டம் வகுப்பதும் தப்பைத் திருத்துவதும் இயன்முறை மருத்துவர் வேலை.

அடிபட்ட புதிதில் வேலூருக்கு ஈடில்லை. மருத்துவரும் செவிலியரும் இயன்முறையாளரும் ஒரே கூரைக்கீழ் வேண்டிய நேரம் அது. ஆனால் கூலி வேலைக்காரர் மாதாமாதம் அங்கே போய்வர முடியுமா? நீட்டி மடக்காத கால் விறைத்துக்கொள்ளும். குதிகால் தசைநாண் சுருங்கிவிட்டால், பாதம் தரையில் பதியாது. ஆய்க்குடி முறையிலும் பயம் உண்டு: மேற்பார்வை தளர்ந்தால், தப்பான பயிற்சியே பழக்கமாகிவிடும். அரைகுறைக் கையால் இழுத்த தோளைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஆனாலும் மேல்கோட்டை போன்ற மலையூருக்கு எது என்று கேட்டால், என் வாக்கு ஆய்க்குடிக்குத்தான். மலையூரில் வீட்டுக்கு வீடு படி இருக்கிறது.