ஆடுகின்றனரா, ஆடுகின்றனவா? போர்க்கால நிழற்படம் ஒன்றைப் படித்தல்

வரலாற்றுப் பாடத்தில் போர் என்றவுடன் ஆண்டுகளும் படைத்தலைவர் பெயர்களும் முன்வரிசையில் நிற்கின்றன. நிழற்படங்களோ பக்கத்தின் ஓரத்தில் அணியாக இடம்பெறுகின்றன. மாணவர் அவற்றைப் பார்க்கின்றனரேயன்றிப் படிப்பதில்லை. ஒரு செய்யுளைச் சொல் பிரித்துப் பொருள் காண்பது போலவே ஒரு நிழற்படத்தையும் உறுப்புப் பிரித்துப் பொருள் காண இயலும். இக்கருத்தை விளக்க, உலகம் நன்கறிந்த ஒரு படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பின்னர், எடுக்கப்படாமலே போன நம் படங்களைப் பற்றிச் சிந்திப்போம்.

வட்டமிட்டு ஆடும் ஆறு சிறார்

1942 ஆகஸ்டு 23ஆம் நாள் செருமானிய வான்படை வோல்கா ஆற்றங்கரையிலுள்ள ஸ்டாலின்கிராடு நகரின்மீது பெருந்தாக்குதல் நடத்தியது. பல்லாயிரம் பொதுமக்கள் நகரைவிட்டு வெளியேறாதிருந்த வேளை அது. நகரம் எரிந்தது. சோவியத்துச் செய்தி நிறுவனமான தாஸின் படப்பிடிப்பாளர் இம்மானுவேல் எவ்செரிகின் தொடர்வண்டி நிலையத்தின் முன்னிருந்த சதுக்கத்தில் எடுத்த ஒரு படம் அந்நாளோடு இணைத்தே இன்றும் பேசப்படுகிறது.

படத்தின் முன்பகுதியில் ஆறு சிறார் கைகோத்து வட்டமிட்டு ஆடுகின்றனர். வட்டத்தின் நடுவே ஒரு முதலை கிடக்கிறது. பின்னால் கட்டடங்கள் கரிந்து நிற்க, புகை எழுகிறது. முதன்முறை காண்போர் பலர், குண்டு விழும்போதும் குழந்தைகள் விளையாட்டை விடவில்லை என வியக்கின்றனர். போரால் குழந்தைமையை வெல்ல முடியாது என்று உள்ளம் உருகுவோரும் உண்டு.

ஆயினும் அப்படத்தில் குழந்தைகள் எவருமில்லை. அங்கு ஆடுவன சிலைகள். 1930களின் இறுதியில் அமைக்கப்பட்ட நீரூற்றின் உறுப்புகள் அவை. இத்தகைய ஊற்றுகள் வேறு சில சோவியத்து நகரங்களிலும் இருந்தன. கோர்னேய் சுகோவ்ஸ்கி சிறுவர்க்காகப் பாடிய 'பார்மலேய்' என்னும் கதைப்பாடலில் முதலை வருவதால், மக்கள் அவ்வூற்றைப் பார்மலேய் ஊற்று என அழைத்தனர். போருக்குப்பின் 1950களில் அது அகற்றப்பட்டது. இன்று வோல்கோகிராடு எனப்படும் அந்நகரில் 2013இல் அதன் படி மீண்டும் நிறுவப்பட்டது.

இவ்வுண்மை தெரிந்தவுடன் படத்தின் பொருள் தலைகீழாகிறது. சிலைகள் ஆட்டத்தை நிறுத்தாமைக்குக் காரணம் துணிவன்று. அவற்றால் ஓட இயலாது. ஓடக்கூடியவர்கள் ஓடிவிட்டனர், அல்லது நிலவறையில் ஒடுங்கினர், அல்லது மாண்டனர். சிலையின் ஆட்டம் உயிருள்ள சிறார் அங்கு இல்லாமையை உணர்த்தும் குறியாகிறது.

படத்திற்கு இல்லாத இலக்கணம்

இங்கு மொழியியல் நமக்குத் துணைசெய்கிறது. நிழற்படம் சுட்டுச்சொல்லைப் போன்றது. 'இது', 'இங்கே' என்று விரல் நீட்ட அது வல்லது. ஆனால் அதனிடம் எதிர்மறை வினை இல்லை. 'இவர்கள் குழந்தைகள் அல்லர்', 'குழந்தைகள் இங்கே இல்லை' என்னும் இரு தொடர்களையும் அதனால் கூற இயலாது. காலங்காட்டும் இடைநிலையும் அதற்கில்லை. ஆடினர், ஆடுகின்றனர், ஆடுவர் என்னும் வேறுபாட்டைப் படம் அறியாது. எதிர்மறையையும் காலத்தையும் திணையையும் படக்குறிப்பே தந்தாக வேண்டும்.

மேற்கண்ட படத்திற்குத் தமிழில் குறிப்பெழுதிப் பார்ப்போம். 'சிறார் ஆடுகின்றனர்' என்பது உயர்திணை முடிபு, அது பொய்யாகிவிடும். 'குழந்தைகள் ஆடுகின்றன' என எழுதினால் முடிபு அஃறிணையாயினும் ஐயம் நீங்காது. ஏனெனில், 'குழந்தை அழுகிறது' என்று உயிருள்ள மகவையே நாம் அஃறிணை முடிபால் சொல்கிறோம். இவ்வழக்கு புதியதன்று. மகவு, குழவி போன்ற சொற்கள் உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளது. ஆகவே, 'குழந்தைகளின் சிலைகள்' என்று பெயராலேயே தெளிவுபடுத்தினாலன்றி உண்மை விளங்காது. ஒரு சொல் குறைந்தால் ஒரு வரலாறே பிழைபடுகிறது.

புறநானூற்றில் ஒரு காட்சி

போரின் வாயிலில் நிற்கும் குழந்தைகளைத் தமிழ் மிக முன்னரே சொல்லோவியமாகத் தீட்டியுள்ளது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்காலில் இடுவிக்க முனைகிறான். கோவூர் கிழார் இடைபுகுந்து பாடிய பாட்டு புறநானூற்றின் 46ஆம் பாடல். அச்சிறுவர் யானையைக் கண்டதும் தம் அழுகையை மறந்துவிடுகின்றனர். கூடியிருந்த மன்றத்தை மருட்சியோடு நோக்குகின்றனர். தம்மைக் கொல்ல வந்த யானையென்பதை அவர்கள் அறியார்.

அவ்விடத்தில் ஒரு படப்பெட்டி இருந்திருப்பின் அது என்ன காட்டியிருக்கும்? யானையை நோக்கி நிற்கும், அழாத சிறுவர் சிலரைக் காட்டியிருக்கும். 'யானையைக் கண்டு மகிழும் சிறுவர்' என்று எவரேனும் குறிப்பும் எழுதியிருப்பர். சற்று முன்பு அழுதனர், இப்போது மறந்தனர் என்னும் காலமுறையைச் சொல்லால் மட்டுமே காட்ட முடிந்தது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. அச்சிறுவர் எவருடைய மக்கள் என்பதும், அவர்கள் உயிர்பிழைத்தனர் என்பதும் பாட்டின் அடிகளில் இல்லை. பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பே அவற்றைத் தெரிவிக்கிறது. அக்குறிப்பைப் பாதுகாத்தோர் இல்லையெனில் அக்குழந்தைகள் பெயரற்ற நிழல்களாகவே எஞ்சியிருப்பர். படக்குறிப்பின் இன்றியமையாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

எடுக்கப்படாத படங்கள்

ஸ்டாலின்கிராடு எரிந்த அதே 1942ஆம் ஆண்டு நம் மாநிலத்தின் துயர ஆண்டுமாகும். சனவரி 31 அன்று பிரித்தானியப் படை ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கியது. அவர்கள் கடந்தபின் பாலம் வெடிவைத்து உடைக்கப்பட்டது. ஜப்பானியத் தளபதி யமாஷிதா ஜொகூர் பாருவில் புக்கிட் செரின் அரண்மனையின் கோபுரத்திலிருந்து தாக்குதலை நோக்கினார். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் பணிந்தது. உடைந்த பாலமும் சரணடைந்த படைத்தலைவரும் உலகெங்கும் பாடநூல்களில் படங்களாக உள்ளனர்.

அவ்வாண்டிலேயே சயாம் - பர்மா இருப்புப்பாதை வேலை தொடங்கியது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியான ஆசியத் தொழிலாளரும் அதில் வருத்தப்பட்டனர். மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டோருள் தமிழரே பெரும்பான்மையர். சில குடும்பங்கள் பிள்ளைகளோடு சென்றன. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் ஆயிரமாயிரமாய்க் கொன்றன.

கைதிகளுக்குள் ஓவியர் இருந்தனர். ரொனால்டு செர்ல், ஜாக் சாக்கர் ஆகியோர் மறைத்து வைத்து வரைந்த ஓவியங்கள் இன்று சான்றுகளாக நிற்கின்றன. ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் ஆஸ்திரேலியக் கைதி ஒளித்து வைத்திருந்த படப்பெட்டியால் படமெடுத்தார். தோட்டத்து லயத்திலிருந்து சென்ற தமிழரிடம் படப்பெட்டியும் இல்லை, தூரிகையும் இல்லை. ஜப்பானியர் அவர்களுக்கு இட்ட பெயர் 'ரோமுஷா'. அவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே எழுதப்பட்டனர். குழந்தையை அன்பினால் அஃறிணையாக்குவது தமிழ் வழக்கு. மனிதரை எண்ணாக்கி அஃறிணைப்படுத்துவது போரின் வழக்கு.

ஆயினும் அக்காலத்துச் சிறாரும் விளையாடியிருப்பர். தகப்பன் சயாமுக்குப் போனபின் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்த பிள்ளைகளும் ரப்பர்க் கொட்டைகளை வைத்து ஆடியிருப்பர். அவ்விளையாட்டுகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் வழி வாய்மொழி நினைவும் இலக்கியமுமே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அப்பணியின் ஒரு பகுதியை ஏற்றுச் செய்துள்ளன. பிற்பகுதி நம் கையில் உள்ளது.

வகுப்பறைக்கு

ஆசிரியர் பெருமக்கள் எந்தப் போர்ப்படத்தை வகுப்பில் காட்டினாலும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். படத்தில் உள்ளவர் யார், அல்லது உள்ளது யாது? இதற்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்ந்தது? இதில் இருக்க வேண்டியவருள் இல்லாதவர் யார்? முதல் வினா திணையைப் பற்றியது. இரண்டாவது காலத்தைப் பற்றியது. மூன்றாவது எதிர்மறையைப் பற்றியது. மூன்றாம் வினாவுக்கு விடை தேடும் மாணவரே வரலாற்றாய்வின் வாயிலை அடைகின்றனர்.

அம்மூன்றாம் வினாவை மாணவர் தம் இல்லத்திலும் கேட்கலாம். 1942இல் எட்டு வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அத்தகைய முதியோர் இன்னும் சிலர் நம் ஊர்களில் உள்ளனர். ஜப்பான்காரன் காலத்தில் என்ன உண்டீர்கள் என்று அவர்களைப் பலர் கேட்டிருப்பர். என்ன விளையாடினீர்கள், யாரோடு விளையாடினீர்கள், அவருள் யார் திரும்பி வரவில்லை என்று கேட்டு, பெயரும் தோட்டமும் ஆண்டும் குறித்து வைக்க வேண்டும். புறநானூற்றுப் பாட்டின் கீழே பெயரறியாத ஒருவர் எழுதிவைத்த குறிப்பைப் போல, அவ்வேடுகளும் இல்லாத படங்களுக்கு நாம் எழுதும் குறிப்புகளாய் நிற்கும்.