பழைய சொகுசு காரின் முன்பக்கத்தில் 'டொக் டொக்' சத்தமா? சஸ்பென்ஷனை மாற்றும் முன் இதைத் தெரிஞ்சுக்குங்க

பத்து வயதைத் தாண்டிய பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கார்களைச் சிங்கப்பூர்ச் சாலைகளில் நிறையவே பார்க்கலாம். அப்பாவின் கார் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கலாம். இல்லையென்றால், சிஓஇ புதுப்பிக்கப்பட்ட கார் ஒன்றை வாங்கலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஏர்கான் ஜில்லென்று இருக்கிறது. ஆனால், பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கும்போது மட்டும் முன்சக்கரப் பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். பட்டறையில் கேட்டால் "சஸ்பென்ஷன் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்" என்கிறார்கள்.

மொத்தமாக என்றால் என்னென்ன? உடனே மாற்ற வேண்டுமா, தள்ளிப்போடலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சஸ்பென்ஷன் என்ன வேலை செய்கிறது?

சக்கரம் மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் இஷ்டத்துக்கு ஆடக்கூடாது. சஸ்பென்ஷனின் வேலை சுருக்கமாக இதுதான்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது தொடர்ந்து குதிக்காமல் அடக்குவது அப்சார்பர். சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பவை ஆர்ம் எனப்படும் உலோகக் கைகள். ஆர்மின் ஒரு முனையில் ரப்பர் புஷ் இருக்கும். மறுமுனையில் பால் ஜாயின்ட் இருக்கும். நம் தோள்மூட்டைப் போல எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய இணைப்பு அது.

உலோகக் கை அவ்வளவு சுலபத்தில் கெடாது. தேய்வது ரப்பரும் பால் ஜாயின்டும்தான். ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வயதும் எதிரி. வெப்பத்திலும் காற்றிலும் அது மெல்ல இறுகி, வெடிப்பு விடும். அதனால்தான் குறைவாக ஓடிய பழைய காரிலும் புஷ் கிழிந்திருக்கலாம். "மைலேஜ் ரொம்ப கம்மி" என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி நிம்மதியடைய வேண்டாம்.

சொகுசு காரில் ஏன் செலவு அதிகம்?

சாதாரண டொயோட்டா கொரோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரே ஓர் ஆர்ம். பல ஆண்டுகள் வந்த மாடல்களில் பால் ஜாயின்ட் தனியாக போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அது தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

2005ஆம் ஆண்டு அறிமுகமான பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், அதாவது இ90 மாடலில் கதை வேறு. ஒரு சக்கரத்துக்குக் கீழே இரண்டு தனித்தனி அலுமினிய ஆர்ம்கள். ஒன்று குறுக்காகச் சென்று சக்கரம் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. மற்றொன்று சாய்வாக முன்னோக்கிச் செல்கிறது. பிரேக் போடும்போது சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசையைத் தாங்குவது இந்த இரண்டாவது ஆர்ம்தான். பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. அது தேய்ந்தால் முழு ஆர்மையும் மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தச் சாய்வு ஆர்மின் புஷ் வெறும் ரப்பர் இல்லை. உள்ளே திரவம் நிரப்பப்பட்டிருக்கும். சாலையின் அதிர்வு ஸ்டியரிங் வரை வராமல் அது உறிஞ்சிக்கொள்ளும். கார் 'மிதப்பது போல' ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரப்பர் கிழிந்து திரவம் வெளியேறிவிட்டால் அந்தச் சொகுசும் போய்விடும்.

கார் என்ன சொல்கிறது?

சத்தத்தையும் அசைவையும் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மெதுவாகச் செல்லும்போது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டொக் டொக்': ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட் அல்லது அப்சார்பரின் மேல்பகுதியில் இருக்கும் மவுன்ட்.

விரைவுச்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறல்: சாய்வு ஆர்மின் புஷ்ஷாக இருக்கலாம், பிரேக் டிஸ்க்காகவும் இருக்கலாம். பலர் டிஸ்க்கை மட்டும் மாற்றுகிறார்கள். கொஞ்ச நாளில் உதறல் திரும்ப வந்துவிடுகிறது. இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாவது: சக்கரத்தின் கோணம் மாறிவிட்டது. முதலில் தேய்ந்த பாகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அது ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மென்ட் செய்வது வீண்செலவு.

மேடுபள்ளத்தைத் தாண்டிய பிறகும் கார் குதித்துக்கொண்டே இருப்பது, பிரேக் போட்டால் மூக்கு அளவுக்கு அதிகமாகத் தாழ்வது: அப்சார்பர் பலமிழந்துவிட்டது.

காரை நிறுத்த ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது 'கிரீச்': மேல் மவுன்டின் பேரிங் அல்லது காய்ந்துபோன பால் ஜாயின்ட்.

பட்டறைக்குப் போகும் முன் இதையெல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில், திரும்பும்போதா பிரேக் போடும்போதா, இடப்பக்கமா வலப்பக்கமா? "ஏதோ சத்தம் வருது அண்ணே" என்பதைவிட இந்தக் குறிப்பு உங்கள் பணத்தை நிறையவே மிச்சப்படுத்தும்.

எது அவசரம், எது காத்திருக்கலாம்?

எல்லாத் தேய்மானமும் ஒரே அளவு ஆபத்து இல்லை.

உடனே மாற்ற வேண்டியவை: ஆடும் பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் ஒருபக்கமாகச் சரிந்துவிடும். டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது. விரைவுச்சாலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

விரைவில் மாற்ற வேண்டியவை: முழுதாகக் கிழிந்த புஷ், திரவம் கசிந்த புஷ், எண்ணெய் வழியும் அப்சார்பர். இவை பிரேக் போடும் தூரத்தையும் டயரின் ஆயுளையும் பாதிக்கும்.

கொஞ்சம் காத்திருக்கலாம்: ரப்பரின் மேற்பரப்பில் மட்டும் தெரியும் மெல்லிய வெடிப்பு, ஸ்டெபிலைசர் லிங்கின் லேசான சத்தம். ஆனால் அடுத்த சர்வீஸில் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வித்தியாசத்தை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காரை லிஃப்டில் ஏற்றியதும் "எங்க ஆடுதுன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால், பொதுவாக டை ராட் பக்கம் சந்தேகம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது சக்கர பேரிங். புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்த்தால் கிழிசல் கண்ணுக்கே தெரியும். நல்ல மெக்கானிக் இதைக் காட்டத் தயங்கமாட்டார். ஆனால், வெறும் ஜாக்கில் நிற்கும் காருக்கு அடியில் நீங்களே போய்ப் பார்க்க வேண்டாம்.

எந்தப் பாகத்தை வாங்குவது?

மூன்று வகை உண்டு. முதலாவது, கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் அசல் பாகம். இரண்டாவது, அந்த நிறுவனத்துக்கே பாகம் செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. ஆர்ம்களுக்கு ஜெர்மனியின் இசட்எஃப் குழுமத்தைச் சேர்ந்த லெம்ஃபோர்டர், அப்சார்பருக்கு அதே குழுமத்தின் சாக்ஸ் ஆகியவை நன்கு அறிமுகமான பெயர்கள். மூன்றாவது, பெயரே கேள்விப்படாத மலிவுப் பாகம்.

பழைய காருக்கு இரண்டாவது வகை பெரும்பாலும் நியாயமான தேர்வு. பெயர் தெரியாத ஆர்மின் சிக்கல் உலோகத்தில் மட்டுமல்ல, அதன் ரப்பரிலும் பால் ஜாயின்டிலும் இருக்கும். அது சீக்கிரம் தேய்ந்தால் பாகத்தோடு கூலியையும் அலைன்மென்ட் செலவையும் இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கும்.

புஷ்ஷை மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மையும் மாற்றலாமா? பால் ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால், பழைய புஷ்ஷை அழுத்தி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். ஆனால் 12, 15 வயதுக் காரில் புஷ் போயிருந்தால் பால் ஜாயின்டும் அதே வயதுதான். கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலை சரியாக நடந்ததா? நான்கு கேள்விகள்

ஒன்று: இரண்டு பக்கமும் மாற்றினீர்களா? அப்சார்பரையும் புஷ்ஷையும் இடம் வலம் ஜோடியாக மாற்றுவது நல்லது. ஒருபக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் காரின் நடத்தை சமமாக இருக்காது.

இரண்டு: போல்ட்டைக் கடைசியாக எந்த நிலையில் இறுக்கினீர்கள்? பலருக்குத் தெரியாத, ஆனால் மிக முக்கியமான கேள்வி இது. இந்த வகை புஷ் சுழலாது, அதன் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். லிஃப்டில் சக்கரம் கீழே தொங்கும்போது இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். கார் தரையில் நிற்கும் வழக்கமான உயரத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் இறுதியாக இறுக்க வேண்டும்.

மூன்று: நட்டும் போல்ட்டும் புதியவையா? ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய நட்டுகள் இதில் உண்டு. டார்க் ரெஞ்ச் வைத்து நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும், கை பலத்தை நம்பி அல்ல.

நான்கு: அலைன்மென்ட் செய்தீர்களா? ஆர்மை மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம். அதன் பிறகு ஸ்டியரிங் கோண சென்சாரையும் சரிபார்க்க வேண்டும். கார் வழுக்காமல் காக்கும் மின்னணு முறை அந்த சென்சாரை நம்பித்தான் இயங்குகிறது. அலைன்மென்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தவறி விடுபட்டால் உயிருக்கே ஆபத்து.

ஜொகூர் பாருவில் செய்யலாமா?

செய்யலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் கூலியை மட்டும் ஒப்பிடாதீர்கள். எல்லையைத் தாண்டும்போது உங்கள் காரின் டாங்கியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் வேண்டும். வேலை சரியில்லை என்றால் மறுபடியும் போய்வர வேண்டும். பாகத்தின் பெயரும் எண்ணும் குறிப்பிடப்பட்ட பில் கிடைக்குமா, எத்தனை மாத உத்தரவாதம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சிஓஇ புதுப்பிக்கும் முன் பார்க்கவேண்டிய கணக்கு

சிங்கப்பூரில் 3 முதல் 10 வயது வரையுள்ள கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை. 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். காரின் கீழ்ப்பகுதி, பிரேக், அலைன்மென்ட் எல்லாமே பார்க்கப்படும். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது.

சாலை வரியும் கூடும். 10 வயதுக்குப் பிறகு 10 விழுக்காட்டில் தொடங்கும் கூடுதல் கட்டணம், 14 வயதைத் தாண்டிய கார்களுக்கு 50 விழுக்காட்டை எட்டும். சிஓஇயைப் புதுப்பித்தால், காரை ஒப்படைக்கும்போது கிடைக்கும் பார்ஃப் கழிவையும் விட்டுக்கொடுக்க வேண்டும். 5 ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்தால், அதன் பிறகு மீண்டும் புதுப்பிக்க வழியில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். முன் சஸ்பென்ஷன், பின் சஸ்பென்ஷன், எண்ணெய்க் கசிவு என எல்லாவற்றுக்கும் செலவு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையைச் சிஓஇ, சாலை வரி, காப்புறுதியோடு கூட்டி, இன்னும் ஓட்டப்போகும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். சிஓஇக்குப் பணம் கட்டிய பிறகு காருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது தலைகீழ் வேலை.

பழைய காரை வாங்கப்போகிறவர்களுக்கும் இதே வரிசைதான். விற்பவரிடம் "சஸ்பென்ஷன் மாத்தியாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எது, எப்போ, பில் இருக்கா?" என்று கேளுங்கள். பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.