ஊழியரா, காண்ட்ராக்டரா? கலிஃபோர்னியாவைப் புரட்டிப்போட்ட ‘ஏபி 5’ சட்டம்: முழு விவரம்

ஊபர் கார் ஓட்டுபவர் அந்த நிறுவனத்தின் ஊழியரா, இல்லை சொந்தமாகத் தொழில் செய்பவரா? கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் குறைந்தபட்ச ஊதியம், ஓவர்டைம், விபத்து இழப்பீடு, அரசுக்கு வர வேண்டிய வரி எல்லாமே இதற்கான பதிலில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டம் மூலம் பதில் சொன்னவர், அம்மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்த லோரெனா கோன்சாலஸ்.

யார் இவர்?

சான் டியாகோவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர். தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர், 2013-ல் இடைத்தேர்தலில் வென்று 80 பேர் கொண்ட மாநில கீழவைக்குள் நுழைந்தார். பிறகு அந்த அவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்குத் தலைவரானார்.

இந்தக் குழு லேசுப்பட்டது இல்லை. அரசுக்கு ஆண்டுக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்கள் இங்கே ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்ற பட்டியலுக்குப் போகும். பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மசோதாக்களுக்கு விவாதமே இல்லாமல் முடிவு அறிவிக்கப்படும். அதில் நிறுத்திவைக்கப்பட்டால், அந்த மசோதாவின் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

ஏபி 5 என்ன சொல்கிறது?

‘டைனமெக்ஸ்’ என்ற கூரியர் நிறுவனம், ஊழியர்களாக இருந்த தன் டிரைவர்களை 2004-ல் காண்ட்ராக்டர்களாக மாற்றியது. அந்த வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு கூறியது. அந்தத் தீர்ப்பைச் சட்டமாக்கி, விரிவுபடுத்தியதுதான் கோன்சாலஸ் கொண்டுவந்த ஏபி 5. ஆளுநர் கவின் நியூசம் 2019 செப்டம்பர் 18-ல் கையெழுத்திட, 2020 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

ஒருவரை காண்ட்ராக்டர் என்று சொல்ல, நிறுவனம் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்:

• ஏ: வேலையை எப்படிச் செய்வது என்பதில் நிறுவனத்தின் கட்டுப்பாடு இருக்கக் கூடாது.
• பி: அந்த வேலை, நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும்.
• சி: அவர் அதே தொழிலைச் சொந்தமாக நடத்துபவராக இருக்க வேண்டும்.

ஒன்றில் சறுக்கினாலும் அவர் ஊழியர்தான். பேக்கரியில் குழாய் ரிப்பேர் செய்ய வரும் பிளம்பர் ‘பி’யைத் தாண்டிவிடுவார். அதே பேக்கரிக்குத் தினமும் கேக் செய்து தருபவர் தாண்ட முடியாது.

பட்ஜெட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஊழியர் என்றால், அவருக்காக நிறுவனம் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். காண்ட்ராக்டர் என்றால் கட்ட வேண்டாம். இதனால் அரசுக்கு வருவாய் இழப்பு ஏற்படுகிறது என்று ஏபி 5 சட்டத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளது.

2020 கொரோனா காலத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கமான வேலையின்மை உதவி காண்ட்ராக்டர்களுக்குக் கிடையாது. அதனால் அமெரிக்க மத்திய அரசு அவர்களுக்கென்று தனி உதவித் திட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. நிறுவனங்கள் கட்டாத பணத்துக்குப் பதில், மக்களின் வரிப்பணம் செலவானது.

சிக்கல் எங்கே வந்தது?

டாக்டர்கள், வழக்கறிஞர்கள் எனப் பலருக்கு விலக்கு தரப்பட்டது. ஆனால் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள், புகைப்படக்காரர்களுக்கு ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 35 படைப்புகள் என்று வரம்பு வைத்தார்கள். வாரம் ஒரு கட்டுரை எழுதுபவரே அதைத் தாண்டிவிடுவார். அவரை ஊழியராக்குவதை விட, எழுதச் சொல்வதையே நிறுத்திவிடுவது நிறுவனங்களுக்கு எளிது. ‘வாக்ஸ் மீடியா’ 2019 டிசம்பரில் சுமார் 200 ஃப்ரீலான்சர்களின் ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

பாதுகாக்க வந்த சட்டமே பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று எதிர்ப்பு கிளம்பியது. கோன்சாலஸே திருத்த மசோதா கொண்டுவந்தார். 2020 செப்டம்பரில் அந்த 35 வரம்பு நீக்கப்பட்டது.

ஊபர், லிஃப்ட் என்ன செய்தன?

நேராக மக்களிடம் போயின. செயலி வழி டிரைவர்களுக்கு ஏபி 5-லிருந்து விலக்கு கேட்கும் ‘ப்ராபொசிஷன் 22’ வாக்கெடுப்புக்காக, டோர்டாஷ் உள்ளிட்ட நிறுவனங்களுடன் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. 2020 நவம்பரில் சுமார் 58 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தனர். குறைந்தபட்ச ஊதியத்தில் 120 சதவீத வருமானம் உறுதி என்றார்கள். ஆனால் சவாரி ஏற்றதிலிருந்து முடியும்வரைதான் கணக்கு. அடுத்த சவாரிக்குக் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது.

இப்போது நிலைமை என்ன?

ப்ராபொசிஷன் 22 செல்லும் என்று 2024 ஜூலை 25-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கோன்சாலஸ் 2022 ஜனவரியிலேயே பதவி விலகி, மாநிலத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைமைக்குப் போனார். விலக்கு பெறாத மற்ற தொழில்களில் ஏபி 5 இன்றும் அமலில் இருக்கிறது. 2025 அக்டோபரில், வாடகை கார் செயலி டிரைவர்கள் காண்ட்ராக்டராக இருந்துகொண்டே சங்கம் அமைக்க அனுமதிக்கும் சட்டத்தில் நியூசம் கையெழுத்திட்டார்.

அதாவது, ஏபி 5 வர முக்கியக் காரணமாகப் பேசப்பட்ட ஊபர் டிரைவர் இன்றும் ஊழியர் இல்லை. ஆனால் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை மட்டும் அவர் கைக்கு வந்திருக்கிறது.