மருவின் மீது விழுந்த சந்தேகம்

1974. ஃபுளோரிடாவின் கீ பிஸ்கேனில் ஒரு மருத்துவ மாநாடு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் இரண்டாம் வகை ஹெர்பிஸ் வைரஸ்தான் என்று ஆய்வாளர்கள் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்த காலம் அது. நோய் கண்ட பெண்களின் இரத்தத்தில் ஹெர்பிஸுக்கான எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்ததே அவர்களுக்குப் பெரிய சான்று. அந்த அரங்கில் ஹரால்ட் சூர் ஹௌசன் என்ற ஜெர்மானியர், தான் சோதித்த புற்றுத் திசுக்களில் ஹெர்பிஸின் டி.என்.ஏ. கிடைக்கவில்லை என்று அறிவித்தார். யாரும் நம்பவில்லை.

ஊரே 'உண்டு' என்னும்போது தனியாளாக 'இல்லை' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அவருடைய பெருமை பின்னாளில் கிடைத்த நோபல் பரிசில் அல்ல, அன்றைக்கே தொடங்கிவிட்டது என்பேன்.

அவருடைய சந்தேகம் மருவின் மீது. பாலுறுப்பு மரு அபூர்வமாகப் புற்றாக மாறியதைப் பழைய மருத்துவக் குறிப்புகளில் படித்திருந்தார். மருவை உண்டாக்குவது பாப்பிலோமா வைரஸ். ஆனால் அது ஒன்றல்ல, பல வகை. பாலுறுப்பு மருவில் கிடைத்த 6ஆம் வகையைப் புற்றுத் திசுவில் தேடினார்கள், ஏமாற்றம். பிறகு குரல்வளை மருவில் கிடைத்த 11ஆம் வகையை வைத்து, அதன் தூரத்து உறவும் சிக்கும்படி சோதனையைத் தளர்த்தித் தேடினார்கள். சிக்கியது. 1983இல் 16ஆம் வகை, மறு ஆண்டு 18ஆம் வகை. உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த இரண்டுமே காரணம்.

1951இல் இதே நோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸின் புற்றணுக்கள், ஹீலா என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துவந்தன. அவற்றிலும் இருந்தது 18ஆம் வகை! முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் கையாண்ட அணுக்கள் அவை.

தொற்றிய பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே வைரஸை விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. அதன் ஈ6, ஈ7 என்ற இரு புரதங்கள், அணு கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற காவல் புரதங்களை முடக்குகின்றன. புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும்.

கண்டுபிடித்த வைரஸ் டி.என்.ஏ.வைக் கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் சூர் ஹௌசன் அனுப்பிவைத்தார். தடுப்பூசி செய்யலாம் என்று ஒரு மருந்து நிறுவனத்தையும் அணுகினார். இலாபம் வராது என்று கைவிரித்தார்கள். முதல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது 2006இல்தான். இடைப்பட்ட இருபதாண்டுகளில் தொற்றுக்கு ஆளான பெண்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அந்தத் தடுப்பூசிக்கு வழி திறந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்த இயன் ஃபிரேசரும், சீனாவில் பிறந்த ஜியான் ஜோவும். அவர்கள் கதை அடுத்த வாரம்.