தூளியும் தறியும்

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் சோழர்காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. விளக்கெரிக்க நெய், நெய்க்கு ஆடு, நிலத்துக்கு எல்லை, கூத்துக்குக் கொடை என அளக்கக்கூடியவற்றையெல்லாம் அக்காலத்தார் அளந்து கல்லில் பொறித்தனர். ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் என்பது சோழநாட்டில் பரவலாக வழங்கிய கணக்கு. ஆனால் கைக்குழந்தையைத் தூங்கவைத்த ஒரு தாய் அந்த நேரத்தை எவ்வாறு செலவிட்டாள் என்பதற்குக் கல்லில் கணக்கில்லை.

இலக்கியத்திலும் நிலை ஏறக்குறைய இதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடியதே நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழையது. பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப்பருவம். தாலாட்டு முடிந்ததும் புலவர் சப்பாணிப் பருவத்திற்குச் சென்றுவிடுகிறார். பிள்ளை உறங்கியபின் தாய் அடுப்படிக்குப் போனாளா, வயலுக்குப் போனாளா என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அரசனையும் தெய்வத்தையும் பிள்ளையாக்கிப் பாடும் மரபில் அதற்கு இடமும் இல்லை.

விடையைத் தேட வேறெங்கும் போகவேண்டியதில்லை. பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த கம்பகரேசுவரர் கோயிலுக்கும் பட்டுப்புடவைக்கும் பெயர்பெற்ற ஊர். சௌராட்டிரர்கள் தலைமுறைகளாக நெய்துவரும் இங்குக் கூட்டுறவுச் சங்கம் 1955-இல் தோன்றியது. திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. நெசவாளர் வீட்டில் தொழிற்கூடமும் குடியிருப்பும் ஒன்றே. தறி ஒருபுறம், உத்தரத்தில் கட்டிய தூளி ஒருபுறம்.

பட்டுநெசவில் இரண்டுவகை வேலைகள் உண்டு. பாவில் உட்கார்ந்து நெய்வது தொடர்ச்சியாகச் செய்யவேண்டியது; கவனம் சிதறினால் கரையும் முந்தானையும் பிசகும். ராட்டையில் தார் சுற்றுவது, சிக்கெடுப்பது போன்றவை எந்தக் கணமும் நிறுத்தித் தொடரத்தக்கவை. குழந்தை சிணுங்கினால் எழுந்து போகலாம். தூளிக்கயிற்றை ஒரு கையால் இழுத்துக்கொண்டே சுற்றவும் செய்யலாம். எனவேதான் இவ்வேலைகள் பெரும்பாலும் தாய்மாரின் பங்காயின. கூலியோ புடவைக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுவது. குழந்தை உறங்கிய அரைமணியில் சுற்றிய தார் அந்தப் புடவைக்குள் போய்விடுகிறது, தனியே எழுதப்படுவதில்லை.

சட்டம் இந்த நேரத்தைக் கவனிக்காமல் இல்லை. சென்னை மாகாணத்தில் மகப்பேற்று நலச் சட்டம் 1934-இல் வந்தது. 1961-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை அளித்தது. 2017-இன் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியதோடு, ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. எல்லாம் நன்மையே. ஆயினும் இவை யாவும் ஒரு முதலாளியையும் ஒரு வாயிற்கதவையும் முன்வைத்து எழுதப்பட்டவை. தன் வீட்டிலேயே தார் சுற்றுபவளுக்கு இடைவேளை தருவது யார்? 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமே முதலாளி இல்லாத ஏழைத் தாயையும் எட்டியது எனலாம். அது பணம் தந்தது; நேரத்தை எண்ணவில்லை.

எண்ணும் முயற்சி வெகு தாமதமாகவே வந்தது. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் நடந்த முன்னோடி நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் தமிழகமும் ஒன்று. நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 2019-இல் நடந்தது. 2024-இன் கணக்கெடுப்புப்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். குழந்தை உறங்கும் நேரத்தில் தந்தை தறியில் இருந்தால் அது தொழில். தாய் தூளியருகே தார் சுற்றினால் அது உதவி. இப்பாகுபாட்டை உடைக்க இவ்வெண்கள் ஒரு தொடக்கம்.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட நெசவாளரையும் துணைத்தொழிலாளரையும் பதிவுசெய்தது. அவர்களுள் பத்தில் ஏழுபேருக்கு மேல் பெண்கள். துணைத்தொழில் என்ற தலைப்பின்கீழ் தார் சுற்றுபவளும் அதில் ஓர் ஆளாகக் கணக்கில் ஏறினாள். ஆளுக்குக் கிடைத்த இடம் அவளுடைய மணிநேரங்களுக்கும் கிடைக்கவேண்டும். கூலி நிர்ணயிக்கும்போது தாரையும் சிக்கையும் தனி வேலையாகக் கணக்கிடுவதே அதற்கு முதற்படி.